பாயில் படுத்தவர் கணக்கில் உண்டா, இல்லையா?

ஓசூர்க்காரன்: படுக்கை நிரம்பல் நூறு சதவீதத்தைத் தாண்டும் மாவட்டம்தான் மருத்துவ வளத்தைத் திறமையாகப் பயன்படுத்துகிறதாம், அந்த வகையில் தருமபுரிக்குப் பக்கத்தில்கூட எங்கள் கிருஷ்ணகிரி நிற்க முடியாதாம். நேற்று ஒருத்தர் இப்படி எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நூறு கட்டிலில் நூற்றிருபது பேர் என்றால் மீதி இருபது பேர் தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதுவா திறமை?

பாலக்கோட்டான்: அந்த ஒருத்தர் நான்தான், பெயரைச் சொல்லக் கூச்சமா? பாயில் படுத்தவருக்கும் அதே டாக்டர், அதே ஊசி, அதே மருந்து. இருக்கிற ஆளை வைத்து இருபது பேரைக் கூடுதலாகக் குணமாக்கி அனுப்பினால் அது திறமை இல்லாமல் வேறென்ன? பாயில் படுத்தவர் மனுஷன் இல்லையா?

கணக்குப்பிள்ளை: இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். நிரம்பல் விகிதம் வேறு, திறன் வேறு. 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் தந்த, ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் திறனை அளக்கும் முறையில் டாக்டர், நர்ஸ், படுக்கை எல்லாம் உள்ளீடு, பார்த்த நோயாளிகள் வெளியீடு. ஆனால் அதில் நிறைய மாவட்டங்கள் வேண்டும். இரண்டை மட்டும் வைத்துப் போட்டால் அனேகமாக இரண்டுமே முழு மதிப்பெண் வாங்கிவிடும்.

பாலக்கோட்டான்: பாடம் போதும் சார். பாய் கணக்கில் உண்டா, இல்லையா?

அரூர் அக்கா: வார்டில் வேலை பார்த்தவள் சொல்கிறேன். நள்ளிரவில் தலை எண்ணும்போது பாயில் இருப்பவரையும் சேர்த்துத்தான் எண்ணுவோம், வகுக்கும்போது கட்டிலை மட்டும் வைத்து வகுப்பார்கள், அதனால்தான் நூறு தாண்டுகிறது. ஸ்டாண்டு கிடைக்காமல் ஜன்னல் கம்பியில் குளுக்கோஸ் பாட்டிலைக் கட்டிவிட்டு, இரண்டு பாய்க்கு நடுவே ஒற்றைக் காலில் நின்று நரம்பு தேடிப் பாருங்கள், அப்புறம் பேசலாம் திறமையை.

பாலக்கோட்டான்: பார்த்தீர்களா, எண்ணுகிறார்கள் என்று அக்காவே சொல்லிவிட்டார்!

அரூர் அக்கா: தம்பி, நான் சொன்னது அதுவா?

ஓசூர்க்காரன்: இவருக்கு வேண்டியது மட்டும்தான் காதில் விழும். போன மாதம் ஒகேனக்கல் தண்ணீர் பற்றிப் பேசியபோதும் இதே கதைதான்.

பாலக்கோட்டான்: அதை ஏன் இழுக்கிறீர்கள்? உங்கள் ஊரில் கட்டில் காலியாக இருக்கிறது என்றால் காரணம் எல்லாருக்கும் தெரியும், காசு உள்ளவன் அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்கு ஓடிவிடுகிறான். எங்கள் சித்தேரி மலைக்காரன் எங்கே ஓடுவான்?

ஓசூர்க்காரன்: உங்கள் ஆட்கள் சேலத்துக்கு ஓடவே இல்லையாக்கும்! மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் எங்கே தொடங்கியது? எங்கள் சாமனப்பள்ளியில். வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தந்தால் படுக்கை எதற்கு நிரம்ப வேண்டும்?

பாலக்கோட்டான்: எங்களுக்கு மருத்துவக் கல்லூரி 2008இலேயே வந்துவிட்டது. நீங்கள் 2022 வரை காத்திருந்தீர்கள். 2004இல் பிரியாமல் எங்களோடு இருந்திருந்தால் அந்தக் கவலையே இல்லை.

கணக்குப்பிள்ளை: அஞ்செட்டி, வத்தல்மலை மாதிரி இடங்களுக்கு இருபதாயிரம் பேருக்கே ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், சமவெளியில் முப்பதாயிரம் பேருக்கு ஒன்று. நூறு பேரைப் பார்க்க மலையில் செலவு கூடத்தான் செய்யும், அதைத் திறமைக் குறைவு என்று...

பாலக்கோட்டான்: பாய்க்குப் பதில் வரவில்லை.

ஓசூர்க்காரன்: பிரிந்தபோது மாம்பழமும் எங்களோடு வந்துவிட்டதே, அந்த வயிற்றெரிச்சலா?

பாலக்கோட்டான்: மாம்பழமா? பாலக்கோட்டுக்கு வந்து தோப்பைப் பாருங்கள், அப்புறம் வாயைத் திறங்கள்.