லண்டனில் கூட்டமில்லாத தோட்டங்கள்: கல்லறையில் உட்கார்ந்து கட்டுச்சோறா?

குடைக்காரன்:
ஜூனில் அம்மாவோடு லண்டன் வருகிறேன். அரண்மனை, பாலம், மியூசியம் எல்லாம் சென்ற முறையே பார்த்தாயிற்று. அம்மாவுக்கு 70 வயது, செடி கொடி என்றால் உயிர், ஆனால் அதிகம் நடக்க முடியாது. கூட்டம் மொய்க்காத தோட்டங்கள் சொல்லுங்கள்.

நடைப்பித்தன்:
வங்கிகள் நிறைந்த பழைய சிட்டி பகுதிக்கே போங்கள். மான்யுமென்ட் ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் செயின்ட் டன்ஸ்டன் இன் தி ஈஸ்ட். 1666 பெருந்தீயில் சேதமடைந்து, பின்பு பழுதுபார்த்து, கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் கோபுரம் எழுப்பிய தேவாலயம். 1941 குண்டுவீச்சில் கூரை போயிற்று. கோபுரமும் சுவர்களும் நின்றன. 1971 முதல் அது பொதுத் தோட்டம். கண்ணாடி இல்லாத ஜன்னல்களின் கல் வேலைப்பாட்டுக்குள் கொடிகள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் தொங்குகின்றன. நடுவில் தாழ்வான நீரூற்று, சுற்றிலும் பெஞ்சுகள். காசு கிடையாது. வார நாட்களில் மதியம் மட்டும் வேண்டாம். அலுவலகக்காரர்கள் சாப்பாட்டோடு வந்து இடம் பிடித்துவிடுவார்கள்.

கீரைக்கட்டு:
ஒளிந்திருக்கும் தோட்டம் என்று யார் பட்டியல் போட்டாலும் முதலில் வருவது அதுதான். கல்யாணப் போட்டோ எடுப்பவர்களுக்கு நடுவே பெஞ்சு கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். அடுத்து போஸ்ட்மன்ஸ் பார்க், அதற்கடுத்து கிரேஃப்ரையர்ஸ் என்று நடைப்பித்தன் ஐயா சொல்லப்போகிறார். எல்லாம் தேவாலயத்து நிலம், பாதி இடுகாடு. வயதான அம்மாவை அங்கே உட்காரவைத்துத் தயிர்சாதப் பொட்டலம் பிரிப்பதா? என் மாமியாரை ஒரு முறை அழைத்துப்போனேன். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கல்லறைக் கற்களைப் பார்த்ததும், வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் தண்ணீர்கூடக் குடிப்பேன் என்று நின்றுவிட்டார்.

செடி பார்க்க வேண்டுமென்றால் செல்சி ஃபிசிக் கார்டன். மருந்து செய்வோர் சங்கம் 1673-இல் தொடங்கிய மூலிகைத் தோட்டம். உயர்ந்த சுவருக்குள் இருப்பதால் தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாது. பொதுமக்களை உள்ளே விட்டதே 1983-இல்தான். ஆண்டுக்கு 5 பவுண்டு வாடகைக்கு இந்த இடத்தை அந்தச் சங்கத்துக்கு எழுதிக்கொடுத்தவர் மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன். தோட்டத்தை நடத்திய பிலிப் மில்லர், பாரிஸிலிருந்து வந்த விதையைப் போட்டு வளர்த்த செடிகளில் ஒன்று நித்தியகல்யாணி. நம் ஊரில் கோயில் சுவரோரம் தானாக முளைத்துக் கிடப்பதேதான். அதிலிருந்துதான் ரத்தப் புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டின் மருந்து எடுக்கிறார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார்கள்.

நடைப்பித்தன்:
நுழைவுக் கட்டணத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே அம்மா. இருவருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரு நல்ல ஹோட்டல் சாப்பாடு.

இடுகாடு என்று முகம் சுளிக்கிறீர்கள். அந்த இடுகாடு இல்லையென்றால் அங்கே தோட்டமே இருக்காது. 1850-களில் நகருக்குள் புதைப்பதை நிறுத்தினார்கள். மூடிய இடுகாட்டில் கட்டடம் கட்டக் கூடாது என்று 1884-இல் சட்டம் வந்தது. சிட்டியில் நிலம் விற்கும் விலைக்கு, செத்தவர்கள் காவல் இருந்ததால்தான் அந்தப் புல்தரை பிழைத்தது.

போஸ்ட்மன்ஸ் பார்க்கில் தரை தெருவைவிட உயரமாக இருக்கும். புதைக்க இடம் போதாமல் உடல்களை மேலே கிடத்தி மண்ணைக் கொட்டிக்கொண்டே போனதன் விளைவு. (மாமியாரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.) அங்கே 1900-இல் ஓவியர் ஜார்ஜ் ஃபிரெடரிக் வாட்ஸ் ஒரு தாழ்வாரம் கட்டினார். பிறரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட சாதாரண மக்களின் பெயர்கள் சுவரெங்கும் பீங்கான் ஓடுகளில். கொத்தனாரிடம் கூலி வேலை பார்த்தவரின் மகள் ஆலிஸ் ஏயர்ஸ், 1885-இல் எரியும் வீட்டிலிருந்து மூன்று குழந்தைகளைக் காப்பாற்றிவிட்டு இறந்தாள். அந்த ஓட்டில் எழுதியதைப் படித்த பிறகும் தலைக்குக் குளிக்க வேண்டுமா?

சாவிக்கொத்து:
இரண்டு பேரும் திறந்த கதவுகளைப் பற்றியே பேசுகிறீர்கள். உண்மையில் ஒளிந்திருப்பவை பெல்கிரேவ் சதுக்கம் போன்றவை. சுற்றியுள்ள வீட்டுக்காரர்களுக்கு மட்டும் சாவி; நமக்குக் கம்பி இடுக்கு. ஜூனில் ஒரு வார இறுதியில் இப்படிப்பட்ட தோட்டங்கள் பலவற்றை டிக்கெட்டுக்குத் திறந்துவிடுகிறார்கள். தேதி ஒத்துவந்தால் விடாதீர்கள்.

கீரைக்கட்டு:
பணக்காரர் வீட்டுப் புல்தரையை வேடிக்கை பார்க்கக் காசு கொடுப்பதா? வெட்டிய வேலியும் பிளேன் மரமும் தவிர அங்கே என்ன இருக்கிறது?

நடைப்பித்தன் ஐயாவுக்கு ஒரே கேள்வி. உங்கள் கல்லறைத் தோட்டங்களில் கழிப்பறை எங்கே? 70 வயதுக்காரரோடு போகிறவர் முதலில் கேட்க வேண்டியது அதுதான். செல்சியில் உண்டு, டீக்கடையும் உண்டு.

நடைப்பித்தன்:
அங்கே கிடையாது, உண்மை. பக்கத்தில் ஒரு காபிக் கடையில் ஏறி இறங்க வேண்டியதுதான். அப்படியும் உங்கள் கட்டணத்தைவிட மலிவு.

குடைக்காரன்:
எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நித்தியகல்யாணிக்குப் பெரிதாக ஒன்றும் அசையவில்லை, "அதைப் பார்க்க விமானம் ஏறணுமா?" என்றார். ஆனால் ஆலிஸ் பெயர் இருக்கும் சுவரைக் கட்டாயம் பார்க்க வேண்டுமாம். தயிர்சாதத்தை மட்டும் வெளியே வந்து சாப்பிடலாம் என்று உத்தரவு. செயின்ட் பால்ஸ் நிலையத்தில் இறங்கினால் போதும்தானே? அங்கே லிஃப்ட் இருக்கிறதா?

கீரைக்கட்டு:
செயின்ட் பால்ஸ்தான் பக்கம். ஆனால் லிஃப்ட் இல்லை, படியும் எஸ்கலேட்டரும்தான். அம்மாவைப் பஸ்ஸில் அழைத்து வாருங்கள்.