கடலூரில் பெண்கள் வாழ்க்கை, சுற்றுச்சூழல் பற்றிப் புகைப்படக் கண்காட்சியும் ஆவணப்படத் திரையிடலும்: எங்கே வைப்பது, என்ன போடுவது?

கெடிலக்கரைத் தோழி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மஞ்சக்குப்பம், புதுப்பாளையம் பக்கம் இருக்கும் தோழிகள் சிலர் சேர்ந்து கொஞ்ச காலமாகப் படம் எடுத்து வருகிறோம். துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுக்கும் பெண்கள், பண்ருட்டி பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்தே கை கறுத்துப் போனவர்கள், பிச்சாவரம் கழியில் வாயில் பறிக்கூடையைக் கடித்துக்கொண்டு சேற்றுக்குள் கைவிட்டு இறால் தடவும் இருளர் பெண்கள், இப்படி. கழி கெட்டாலும் கரை அரித்தாலும் முதலில் இவர்கள் வீட்டு அடுப்பில்தான் தெரிகிறது. ஆனால் சுற்றுச்சூழல் என்று மேடை போட்டுப் பேசும்போது இவர்களை யாரும் கூப்பிடுவதில்லை, அந்த ஆதங்கத்தில்தான் இதை ஆரம்பித்தோம்.

இப்போது அதைக் கண்காட்சியாக வைத்து, கூடவே ஒன்றிரண்டு ஆவணப்படமும் திரையிடலாம் என்று இருக்கிறோம். இடம் விஷயத்தில் எங்களுக்குள் இரண்டு கட்சி. டவுன்ஹால் மாதிரி ஒரு அரங்கம், இல்லாவிட்டால் பாண்டிச்சேரியில் ஒரு நல்ல இடம் பிடித்தால் பத்திரிகையாளர்கள் வருவார்கள், நாலு பேருக்குத் தெரியும் என்று சிலர் சொல்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு என்னவோ, படத்தில் இருக்கிற பெண்கள் வந்து பார்க்காத கண்காட்சியை யாருக்காக வைக்கிறோம் என்றே தோன்றுகிறது. சரி, கூப்பிட்டால் வருவார்களா? எந்த நேரத்தில் கூப்பிடுவது? மார்ச் 8 மகளிர் தினத்தில் வைக்கலாமா, ஜூன் 5 சுற்றுச்சூழல் தினமா? என்ன படம் போடலாம்? எல்லாம் கைக்காசு, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

புதுவை நண்பன்:

பாண்டிச்சேரிக்குக் கொண்டு வாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். அலியான்ஸ் ஃப்ரான்சேஸ், ஆரோவில்லில் பாரத் நிவாஸ், சினிமா பாரடைசோ என்று படம் மாட்டியும் காட்டியும் பழகிய இடங்கள் இங்கே இருக்கின்றன, வெளிச்சமும் சுவரும் சரியாக இருக்கும், பார்க்க வருகிறவர்களும் நின்று நிதானமாகப் பார்ப்பார்கள்.

திரையிட ஒரு படம் சொல்கிறேன். ஆவணப்பட இயக்குநர் சேகர் தத்தாத்ரி எடுத்த 'இந்தியாஸ் டிஸ்அப்பியரிங் பீச்சஸ்' (இந்தியாவின் மறைந்துவரும் கடற்கரைகள்). பாண்டிச்சேரி கடற்கரை எப்படிக் காணாமல் போனது என்பது அதில் தெளிவாக இருக்கிறது. இந்தக் கரையில் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்கென்று கடலுக்குள் கல் அணை நீட்டினார்கள், மணல் தெற்கே தேங்கிவிட்டது, வடக்கே ஊரை ஒட்டியிருந்த கரை அரித்துப்போய்ப் பாறாங்கல் கொட்டவேண்டி வந்தது. அரிப்பும் அங்கேயே நிற்கவில்லை, கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று வடக்கே நகர்ந்துகொண்டே போனது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகுதான் அந்தப் பகுதியில் மணல் திரும்பியது.

படம் ஆங்கிலத்தில் இருக்கிறது, அதனால் கூடவே ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டே வரவேண்டும். உங்கள் புகைப்படங்களோடு சேர்த்துப் பார்த்தால் அர்த்தம் கூடும். ஏனென்றால் மணல் போனபோது படகு ஏற்றவும் வலை காயப்போடவும் இடம் போனது என்று எல்லோரும் பேசுகிறார்கள், கருவாடு காயவைத்துப் பிழைத்த பெண்களுக்கு இடம் போனதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை.

முதுநகர் மீன்காரி மகள்:

கெடிலக்கரை அக்கா, உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதியே ஆகவேண்டும் என்று உட்கார்ந்தேன். எங்கள் அம்மா அன்னக்கூடையில் மீன் சுமந்து விற்றவர், இப்போது சித்தி விற்கிறார். புதுவை நண்பர் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் சொன்ன இடங்கள் எல்லாம் நல்ல இடங்கள்தான், ஆனால் அந்த வாசல்படி ஏற எங்கள் வீட்டுப் பெண்கள் தயங்குவார்கள். வம்பாகீரப்பாளையம் மீனவர் குப்பம் உங்கள் ஊரிலேயே, நடக்கிற தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து எத்தனை பெண்கள் அந்த அரங்குகளுக்குள் வந்து பார்த்திருக்கிறீர்கள்? உடுப்பில் மீன் வாசம் அடிக்குமே என்று அவர்களே ஒதுங்கிக்கொள்வார்கள். பஸ்ஸிலேயே அப்படித்தான் நிற்கிறார்கள்.

நேரம் கேட்டீர்கள். விடியும் முன்பே ஏலத்துக்கு வந்துவிடுவார்கள், சரக்கு எடுத்து ஐஸ் போட்டு மார்க்கெட்டுக்கோ தெருத்தெருவாகவோ போனால் வீடு திரும்ப மதியம் தாண்டிவிடும். அப்புறம் சமையல், தண்ணீர், துணி. ஓய்கிற நேரம் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல்தான். இரவு எட்டுக்குள் முடித்தால் வருவார்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். அதனால் பிள்ளைகள் பார்க்கக்கூடிய படமாக இருக்கவேண்டும்.

ஏலக்கூடத்திலோ பக்கத்தில் இருக்கும் கோயில் திடலிலோ வையுங்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொல்லாமல் வந்து மைக் கட்டினால் நல்ல காரியமும் சண்டையில் முடியும். ஆனால் பஞ்சாயத்தில் உட்காருகிறவர்கள் எல்லாம் ஆண்கள், அங்கே சரி சொல்லிவிட்டார்கள் என்பதற்காகப் பெண்களும் சரி சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சுய உதவிக் குழுவில் தனியாக உட்கார்ந்து பேசுங்கள்.

இரண்டு விஷயம் மனதில் கிடந்து உறுத்துகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சுனாமிப் படங்கள் எதுவும் மாட்டப்போகிறீர்கள் என்றால் தயவுசெய்து வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் இன்றைக்கும் அதே கரையில் மீன் விற்கிறார்கள். வருடா வருடம் அந்த நாளில் யாராவது உடல்கள் கிடக்கும் படத்தைப் பேனர் போட்டு வைப்பதைப் பார்த்து நான் கொதித்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்களுக்கு அது வரலாறு. எங்களுக்கு அது பக்கத்து வீட்டுக் குழந்தை.

அடுத்தது, படத்தில் இருக்கும் பெண் என்ன பேசியிருக்கிறார் என்று பாருங்கள். வட்டிக்குக் கொடுத்தவர் பெயர், புருஷன் குடிப்பது, ஏலக்காரர் எடையில் ஏமாற்றுவது, இதெல்லாம் கேமரா முன்னால் மனம் விட்டுச் சொல்லியிருப்பார்கள். பாண்டிச்சேரியில் போட்டால் கைதட்டுவார்கள். அதே ஊரில் அதே தெருவில் போட்டால் மறுநாள் காலை அந்த அக்கா ஏலத்துக்குப் போகவேண்டும், அதே ஆட்கள் முகத்தில்தான் விழிக்கவேண்டும். அதனால் முதலில் அவருக்கு மட்டும் தனியாகக் காட்டுங்கள், இது வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். புகைப்படத்துக்கும் இதேதான். அப்புறம் ஒவ்வொருவருக்கும் அவர்கள் படத்தை ஒரு பிரதி போட்டு, சட்டம் அடித்துக் கொடுங்கள். எங்கள் வீடுகளில் பெண்களுக்குக் கல்யாணப் படத்துக்கு அப்புறம் தனியாக ஒரு நல்ல படம் இருப்பது அபூர்வம், வேலை செய்கிற கோலத்தில் கம்பீரமாக எடுத்த படம் சுத்தமாக இருக்காது.

பழைய புரொஜெக்டர்:

மேலே எழுதிய தங்கச்சி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் திரையிடல் வேலை பார்ப்பவன் என்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

இருட்டும் முன் புரொஜெக்டர் போடாதீர்கள், திறந்தவெளியில் ஒன்றும் தெரியாது. ஆறரை வரை கண்காட்சி, அப்புறம் படம் என்று வைத்தால் சரியாக இருக்கும். மொத்தப் படமும் ஒரு மணி நேரத்துக்குள் முடியட்டும், மீதி நேரம் பேச வேண்டும். படத்தைவிட ஒலி முக்கியம். காற்றடிக்கிற கரையில் வசனம் கேட்காவிட்டால் கூட்டம் எழுந்து போய்விடும், வாடகைக்கு எடுப்பதில் மிச்சம் பிடிப்பதானால் திரையில் பிடியுங்கள், ஸ்பீக்கரில் வேண்டாம். ஒலிபெருக்கிக்கு போலீஸ் அனுமதி வாங்கிவிடுங்கள், இரவு 10 மணிக்கு மேல் எப்படியும் கூடாது.

புகைப்படத்தை ஃபிளெக்ஸில் அடிக்காதீர்கள். சுற்றுச்சூழல் கண்காட்சி முடிந்து அந்த பிளாஸ்டிக் குப்பை கெடிலம் ஆற்றில் கிடந்தால் நன்றாகவா இருக்கும்? காகிதத்தில் அடித்து அட்டையில் ஒட்டினாலும் கடற்காற்று ஈரத்தில் சுருண்டுவிடும். துணியில் அச்சடித்துத் தாருங்கள் என்று கேளுங்கள், கயிறு கட்டித் துணி கிளிப் போட்டு மாட்டலாம், சுருட்டி அடுத்த ஊருக்கும் எடுத்துப் போகலாம். படத்துக்குக் கீழே எழுதுவது பெரிய எழுத்தில், இரண்டு மூன்று வரிக்குள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்ல உள்ளூர்ப் பெண் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

அனுமதி விஷயத்தில் கவனம். ஓடிடியில் சந்தா கட்டியிருக்கிறோம், அதையே பெரிய திரையில் போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள், அந்தச் சந்தா வீட்டில் பார்க்க மட்டும்தான். யூடியூபில் இருக்கும் படமானாலும் இயக்குநருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். 1952ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டப்படி பொதுவில் திரையிடும் படத்துக்குத் தணிக்கைச் சான்று வேண்டும், ஆவணப்படமும் அதில் அடக்கம், ஆகவே சான்று இருக்கிறதா என்றும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றி திவ்யபாரதி எடுத்து 2017இல் வந்த 'கக்கூஸ்' படத்துக்கே திரையிடலில் போலீஸ் தொந்தரவு வந்தது. உங்கள் படம் யாரையாவது உறுத்தும் என்றால் காகிதம் எல்லாம் கையில் இருக்கட்டும்.

மாதிரிக்கு ஒன்று பார்த்துவிடுங்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத்தின் 'விசிபிள் வொர்க், இன்விசிபிள் விமன்' (கண்ணுக்குத் தெரியும் உழைப்பு, தெரியாத பெண்கள்) கண்காட்சி. 1993 முதல் 2002 வரை 10 மாநிலங்களில் அவர் எடுத்த உழைக்கும் பெண்களின் படங்கள். அதைப் பேருந்து நிலையம், ரயில் நிலையம், தொழிற்சாலை வாசல், விவசாயத் தொழிலாளர் கூடும் இடங்கள் என்று கொண்டுபோய் வைத்தார்கள், லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருக்கிறார்கள். கிராமப்புற வாழ்க்கையை ஆவணப்படுத்தும் பாரி (PARI) இணையதளத்தில் முழுதாக இருக்கிறது, ஒவ்வொரு படத்தோடும் அவர் எழுதியிருக்கும் குறிப்பையும் படியுங்கள். நம் ஊரில் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் அனுமதி கிடைத்தால் எனக்கு அதைவிட நல்ல இடம் தெரியவில்லை. கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களும் பார்ப்பார்கள், கல்லூரிக்குப் போகிறவர்களும் பார்ப்பார்கள்.

செம்மங்குப்பத்துக்காரன்:

சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமங்களை விட்டுவிட்டீர்களே. குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் பெண்கள் இல்லாமல் கடலூரில் சுற்றுச்சூழல் கண்காட்சி வைத்தால் அது பாதிதான். ஆண்கள் வேலைக்கு வெளியே போய்விடுகிறோம், ராத்திரி வருகிற காற்றையும் போர்வெல் தண்ணீரின் நிறத்தையும் நாள் முழுக்க அனுபவிப்பது வீட்டில் இருக்கும் பெண்கள். ஆனால் இதில் ஒரு சிக்கல், நாற்றத்தைப் படம் எடுக்க முடியாது. கம்பெனி சுவரையும் புகையையும் எடுத்தால் எல்லா ஊர்ப் படமும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

2004 வாக்கில் எங்கள் ஊர்களில் மக்களே சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகி, எந்த நேரத்தில் என்ன நாற்றம் வந்தது, கண் எரிந்ததா, மூச்சு முட்டியதா என்று எழுதி வைத்தார்கள், பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றை உறிஞ்சிப் பிடித்து அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். சாதாரண வாளிதான், ஆனால் நாற்றம் என்று வாய்ச்சொல்லாக இருந்த புகார் அதில்தான் ரசாயனங்களின் பெயரோடு காகிதத்தில் ஏறியது. நீங்களும் அந்த மாதிரி செய்யுங்கள். ஒரு பெண்ணின் முகம், கீழே அவர் வாயாலேயே ராத்திரி இத்தனை மணிக்கு இன்ன நாற்றம், குழந்தை எழுந்து அழுதது என்று. பக்கத்தில் அவர் வீட்டுத் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் வைத்துவிடுங்கள். முடிந்தால் கேமராவை, இல்லை போனையாவது அவர்கள் கையிலேயே கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள், எதை எடுக்கவேண்டும் என்று நம்மைவிட அவர்களுக்குத் தெரியும்.

கெடிலக்கரைத் தோழி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இரண்டு முறை படித்துவிட்டுத் தோழிகளுக்கும் அனுப்பினேன். சுனாமிப் படங்கள் எங்களிடம் இல்லை, இனியும் சேர்க்கமாட்டோம். முதலில் ஏலக்கூடம், அடுத்து பேருந்து நிலையத்துக்கு மனு, பாண்டிச்சேரி கடைசியில் என்று பேசியிருக்கிறோம். புதுவை நண்பரே, அந்தக் கட்டத்தில் உங்கள் உதவி கண்டிப்பாக வேண்டும். செம்மங்குப்பம் அண்ணா, உங்கள் ஊருக்கு வந்து பெண்களிடம் பேச விரும்புகிறோம், யாரைப் பார்க்கவேண்டும் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். பண்ருட்டிப் பெண்களை எடுத்த படங்களோடு சேர்த்து வைக்க, 2011 தானே புயலில் முந்திரித் தோப்புகள் சாய்ந்து கிடந்த படங்கள் யாரிடமாவது இருந்தால் தருவீர்களா? மரம் போனதில் வேலை போன கதையைப் பல பேர் எங்களிடம் சொன்னார்கள், காட்ட எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. தேதி மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

முதுநகர் மீன்காரி மகள்:

ஜூன் 5 வையுங்கள் அக்கா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, ஃபைபர் படகு மீன் மட்டும் கொஞ்சம் வரும். ஏலக்கூடம் காலியாகவே கிடக்கும், பெண்களுக்கும் நேரம் இருக்கும். ஆனால் கையில் காசு இல்லாமல் வட்டிக்கு வாங்கும் காலமும் அதுதான், அதனால் வருகிறவர்களுக்கு டீயும் சுண்டலும் ஏற்பாடு செய்யுங்கள், உண்டியல் மட்டும் வைத்துவிடாதீர்கள். மார்ச் 8 வேண்டாம், அன்றைக்குக் குழுப் பெண்களை எல்லாம் ஏதாவது ஒரு விழாவுக்கு வண்டி வைத்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சித்தியிடம் இப்போதே சொல்லிவைக்கிறேன், மே மாதம் ஒரு சாயங்காலம் வந்து குழுவில் பேசுங்கள்.