வீடியோவில் ஒரு குறிப்பிட்ட இடத்தை நண்பர்களுக்கு எப்படிக் காட்டுவது?

விழுப்புரத்தான்:
வணக்கம். நாங்கள் நாலு பேர், பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். இப்போது நான் ஊரில், மற்றவர்கள் ஓசூர், சிங்கப்பூர், தோஹா. ஞாயிறு இரவு 8 மணிக்கு (சிங்கப்பூரில் 10:30, தோஹாவில் மாலை 5:30) யாராவது ஒருவர் ஒரு யூடியூப் வீடியோவைப் போடுவார், எல்லோரும் பார்த்துவிட்டு அரட்டை அடிப்போம். போன வாரம் என் முறை. சந்திரயான்-3 இறங்கிய நாளின் முழு ஒளிபரப்பைப் போட்டேன். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் எங்கள் ஊர்க்காரர், அந்தப் பெருமையும்தான்.

மூன்று சிக்கல். ஒன்று, நான் சொல்லும் இடம் யாருக்கும் கிடைக்கவில்லை. "லேண்டர் (நிலாவில் இறங்கும் கலம்) படுத்த நிலையிலிருந்து நிமிருமே, அங்கே பாருங்கடா" என்றால் ஆளுக்கொரு இடத்தைப் பார்க்கிறார்கள். லிங்க் முதலிலிருந்துதான் ஓடுகிறது. இரண்டு, அந்தத் துண்டை மட்டும் திரைப்பதிவு எடுத்து அனுப்பினேன். உயரம், வேகம் காட்டும் எண்கள் மங்கி, வாசிக்க முடியவில்லை. மூன்று, போனில் பேசிக்கொண்டே ஒரே நேரத்தில் பார்க்கலாம் என்றால், ஒருவன் எங்களுக்கு முன்னாலேயே கைதட்டுகிறான். வழி சொல்லுங்கள்.

கடைசிபெஞ்ச்:
முதல் சிக்கல் சுலபம். கம்ப்யூட்டரில் என்றால் வீடியோவை அந்த இடத்தில் நிறுத்தி, அதன் மேலேயே வலது பொத்தானை அழுத்துங்கள். இப்போதைய நேரத்தோடு முகவரியை நகலெடுக்க ஒரு வரி வரும். போனில் என்றால் கையால் எழுதலாம்: லிங்கின் கடைசியில் கேள்விக்குறி, ஆங்கிலச் சின்ன 'டி' (t), சமக்குறி, அப்புறம் நேரத்தை விநாடியில். 41 நிமிடம் 20 விநாடி என்றால் 41-ஐ 60-ஆல் பெருக்கி 20 சேர்த்து 2480.

விழுப்புரத்தான்:
போட்டுப் பார்த்தேன் நண்பரே. பழையபடி முதலிலிருந்துதான். கணக்குத் தப்பா என்று மூன்று முறை பெருக்கிப் பார்த்துவிட்டேன்.

மதுரை மீனா:
கணக்கு சரி, கேள்விக்குறிதான் தப்பு. போனில் பகிர்வு பொத்தானைத் தட்டி எடுத்த லிங்க்தானே? அதில் ஏற்கெனவே ஒரு கேள்விக்குறியும், 'எஸ்ஐ' (si) என்று தொடங்கும் ஒரு நீளமான வாலும் இருக்கும். ஒரு லிங்கில் கேள்விக்குறி ஒரு முறைதான் வரலாம். இரண்டாவதாகப் போட்டால் உங்கள் 2480-உம் அந்த வாலின் ஒரு பகுதியாகிவிடும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அதனால் இரண்டாவது கேள்விக்குறிக்குப் பதில் 'அண்ட்' குறி (&) போடுங்கள். அல்லது முதல் கேள்விக்குறியிலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு, புதிதாக எழுதுங்கள். நான் அழிப்பவள். எங்கிருந்து பகிரப்பட்டது என்று கண்காணிப்பதற்கான வால் அது, இல்லாவிட்டாலும் வீடியோ திறக்கும்.

விழுப்புரத்தான்:
வேலை செய்கிறது! அக்காவுக்கு நன்றி. இனி "அந்த இடம், அந்த இடம்" என்று கத்த வேண்டாம்.

பழைய ரேடியோ:
மங்கலுக்கு வருவோம். சாட்டில் கேலரி வழியாக வீடியோ அனுப்பினால், டேட்டா மிச்சமாகட்டும் என்று அதைச் சுருக்கித்தான் அனுப்பும். முகங்கள் ஓரளவு தப்பிக்கும், சின்ன எழுத்து முதலில் போய்விடும். வாட்ஸாப்பில் எச்டி தேர்வு இருக்கிறது, கொஞ்சம் தேவலை. முழுத் தரமும் வேண்டுமென்றால் அதே கோப்பை 'டாக்குமென்ட்' வழியாக இணையுங்கள். 2 ஜிபி வரை அப்படியே போகும்.

ஆனால் என்னைக் கேட்டால் துண்டு வேண்டாம், லிங்க்தான் நல்லது. துண்டு நாலு குரூப் தாண்டினால் யார் எடுத்தது, எந்தத் தேதி என்பதெல்லாம் உதிர்ந்துவிடும். உங்கள் வீடியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று திரையில் தெரிந்த லேண்டர் நிஜப் படம் அல்ல. வந்துகொண்டிருந்த தகவலை வைத்து ஓட்டிய கணினி வரைபடம். அந்தத் துண்டை மட்டும் ஒருவரிடம் காட்டினால் "நிலாவில் யார் கேமரா பிடித்தது?" என்றுதான் கேட்பார்.

விழுப்புரத்தான்:
ஐயா, அதே கேள்வியை ஓசூர்க்காரன் கேட்டு அரைமணி நேரம் சண்டை! "எல்லாம் கிராபிக்ஸ்" என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பழைய ரேடியோ:
கிராபிக்ஸ் என்பது சரி, "எல்லாம்" என்பதுதான் தவறு. லேண்டரில் இருந்த கேமரா இறங்கும்போது எடுத்த நிஜக் காட்சியை இஸ்ரோ மறுநாள் வெளியிட்டது. அதில் முழு லேண்டர் தெரியாது, தெரிவது நெருங்கி வரும் பள்ளங்கள்தான். இரண்டு லிங்கையும் அடுத்தடுத்துப் போடுங்கள். ஒளிபரப்பில் எண்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு 1.68 கிலோமீட்டர் வேகத்தில் கிடைமட்டமாகப் போனது, அந்த வேகத்தைக் கரைப்பதுதான் முதல் கட்ட வேலை. சண்டை அங்கே தொடர்ந்தால் சுவையாக இருக்கும்.

கடைசிபெஞ்ச்:
மூன்றாவதுக்கு: வாட்ஸாப் வீடியோ அழைப்பில் திரையைப் பகிரலாம், ஒருவர் ஓட்டுவதை எல்லோரும் பார்ப்பீர்கள். ஆனால் அழைப்பில் படம் இன்னும் சுருங்கும், உங்கள் எண்கள் மறுபடி மங்கும். அதனால் ஆளுக்கொரு திரையில் தனித்தனியாக ஓட்டுங்கள், பேச்சுக்கு மட்டும் குரல் அழைப்பு. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விளம்பரம் வரும் என்பதால் முதலில் விளம்பரத்தைத் தாண்டி, சொன்ன விநாடியில் எல்லோரும் நிறுத்திவிட்டு "மூணு, ரெண்டு, ஒண்ணு" எண்ணித் தொடங்குங்கள். காதில் ஹெட்போன் கட்டாயம், இல்லாவிட்டால் எதிரொலி.

விழுப்புரத்தான்:
நேற்று முயன்றோம். மூன்று பேர் சரியாக இருக்கிறோம். தோஹாக்காரன் மட்டும் பத்து நிமிடத்தில் இரண்டரை நிமிடம் முன்னால் போய்விடுகிறான். அங்கே நெட் அவ்வளவு வேகமோ?

மதுரை மீனா:
நெட் மோசமென்றால் நின்று நின்று பின்தங்கலாம். எவ்வளவு நல்ல நெட்டாக இருந்தாலும் முன்னால் ஓட முடியாது. பத்து நிமிடத்துக்கு இரண்டரை நிமிடம் என்றால் கால் பங்கு அதிகம். அவர் வீடியோவை 1.25 வேகத்தில் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

விழுப்புரத்தான்:
கேட்டேன். "ஆமாம், நான் எல்லாத்தையும் அப்படித்தானே பாப்பேன்" என்கிறான்! பேச்சு வேகமாகக் கேட்டிருக்குமே என்றால், "அந்த ஹால்ல எல்லாரும் பதற்றத்துல வேகமா பேசறாங்கன்னு நினைச்சேன்" என்றான். இப்போது 1-க்கு மாற்றிவிட்டான். அடுத்த ஞாயிறு அவன் முறை. ஒன்றரை மணி நேர பிரியாணி வீடியோவாம், அதை மட்டும் 1.25-இல் பார்க்கலாமா என்று நாங்கள் மூவரும் யோசிக்கிறோம்.