தாத்தாவின் ஏழு பதக்கங்கள்: எது எதற்குக் கொடுத்தது?

வேலூர்ப் பேரன்:
எல்லாருக்கும் வணக்கம். என் அம்மாவின் அப்பா பட்டாளத்தில் இருந்தவர். 1963-ல் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியியல் படைப்பிரிவில் சேர்ந்து, பெங்களூர் சென்டரில் பயிற்சி முடித்து, 1984-ல் ஹவில்தாராக ரிட்டயர் ஆனார். போன வருஷம் காலமாகிவிட்டார். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஏழு பதக்கங்கள் கிடைத்தன. ஒன்று ஐந்து முனை நட்சத்திரம், வெண்கலம் மாதிரி இருக்கிறது. மற்ற ஆறும் வட்டம். இந்தியில்தான் எழுதியிருக்கிறது, இந்தி தெரிந்த நண்பன் ஒருவனிடம் காட்டியதில் பஸ்சிமி ஸ்டார், ரக்ஷா மெடல் 1965, சங்க்ராம் மெடல், சைன்ய சேவா மெடல், சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம், 9 வருஷம், 20 வருஷம் என்று படித்துச் சொன்னான். சைன்ய சேவா ரிப்பனில் மட்டும் ஜம்மு காஷ்மீர் என்று ஒரு பட்டை குறுக்கே இருக்கிறது. தாத்தா வீட்டில் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. மாமா, "இதெல்லாம் அப்போ எல்லாருக்கும் குடுத்ததுடா, வீர் சக்ரா மாதிரி ஒண்ணும் இல்ல" என்கிறார். பழைய நாணயம் வாங்குகிற ஒருவர் விலைகூடக் கேட்டுவிட்டார். நிஜமாகவே எல்லாருக்கும் கொடுத்ததுதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற சாப்பர்:
தம்பி, முதலில் அந்த நாணயக்காரரை அனுப்பிவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் மாமா சொல்வது பாதி சரி. இவை வீரதீர விருதுகள் இல்லை, பணிப் பதக்கங்கள். பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா, சேனா மெடல் எல்லாம் ஒரு குறிப்பிட்ட செயலுக்காக ஒரு ஆளுக்குக் கொடுப்பது. பணிப் பதக்கம் என்பது அந்த ஆள் எந்தக் காலத்தில் எந்த இடத்தில் இருந்தார் என்பதற்குச் சர்க்கார் கொடுக்கிற அத்தாட்சி. அதனால் ஏழு பதக்கங்களையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ரக்ஷா மெடல் 1965, போர் ஆரம்பித்த ஆகஸ்ட் 5 அன்று 180 நாள் சர்வீஸ் முடித்திருந்தவர்களுக்குக் கிடைத்தது, டிப்போவில் இருந்தவருக்கும் உண்டு. 65-ல் போர்முனையிலேயே இருந்தவர்களுக்கென்று சமர் சேவா ஸ்டார் தனியாக இருக்கிறது, உங்கள் பட்டியலில் அது இல்லை, ஆகவே அப்போது தாத்தா சென்டரிலோ வேறு இடத்திலோ இருந்திருப்பார். வெள்ளிவிழாப் பதக்கம் 1972 ஆகஸ்ட் 15 அன்று சர்வீஸில் இருந்ததற்கு. 9, 20 வருஷப் பதக்கங்களுக்கு விளக்கம் தேவையில்லை, ஆனால் 20 வருஷம் பட்டாளத்தில் காலம் தள்ளுவது என்றால் என்ன என்று அந்த வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நான் முதலில் கையில் எடுத்துப் பார்ப்பது அந்த நட்சத்திரத்தைத்தான். பஸ்சிமி ஸ்டார், 1971 போரில் மேற்கு முனையில் இருந்தவர்களுக்கு. கிழக்கே வங்கதேசப் பக்கம் போனவர்களுக்கு பூர்வி ஸ்டார். பின்னால் முகாமில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் ஸ்டார் வராது. சங்க்ராம் மெடல் அதைவிடப் பரவலாகக் கொடுத்தது, 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரை எல்லையோர மாநிலங்களில் பணியில் இருந்தவர்களுக்கு, போலீசுக்கும் உண்டு.

இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, ஸ்டாரின் ரிப்பன் மேல் தாமரை இலை மாதிரி சின்னதாக ஏதாவது குத்தியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது மென்ஷன் இன் டெஸ்பாட்சஸ், அதாவது களத்தில் அவர் செய்த ஒன்றை மேலதிகாரி பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். இரண்டு, வட்டப் பதக்கங்களின் விளிம்பை நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும்.

குன்னூர்க்காரன்:
அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட், நான் வளர்ந்ததே வெலிங்டனில். மேலே ஐயா சொன்ன விளிம்பு விஷயத்துக்காகவே இதை எழுதுகிறேன். தயவுசெய்து புளி, பிராசோ, பல்பொடி எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், கூடவே விளிம்பில் இருக்கிற எழுத்து மழுங்கும். எங்கள் வீட்டிலேயே சுதந்திர தினத்துக்கு சுதந்திர தினம் தேய்த்ததில் அப்பாவின் ரக்ஷா மெடலில் பெயரின் முதல் மூன்று எழுத்து காணாமல் போய்விட்டது. மெல்லிய பருத்தித் துணியால் தூசு தட்டினால் போதும். ரிப்பன் வெளுத்திருந்தாலும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். புதிய ரிப்பன் கண்டோன்மென்ட் பக்கம் மெடல் கடைகளில் கிடைக்கும், சட்டமிட வேண்டுமானால் புதியதைப் போட்டு, பழையதை ஒரு உறையில் வையுங்கள். வெயில் விழுகிற சுவரில் மாட்டாதீர்கள். டிஸ்சார்ஜ் புக் (ஓய்வு பெறும்போது கொடுக்கிற பணி விவரப் புத்தகம்) இருந்தால் அதை லேமினேட் செய்யாதீர்கள், அதில்தான் எல்லாமே இருக்கிறது.

வரிசை: பார்ப்பவருக்கு இடதுபுறம் முதலில் பஸ்சிமி ஸ்டார், பிறகு ரக்ஷா, சங்க்ராம், சைன்ய சேவா, வெள்ளிவிழா, 20 வருஷம், கடைசியில் 9 வருஷம்.

வேலூர்ப் பேரன்:
ஐயா, அண்ணே, இருவருக்கும் நன்றி. தாமரை இலை இல்லை. ஆனால் விளிம்பைப் பார்த்தேன், அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். பெயர் எல்லாவற்றிலும் ஒன்றுதான், பதவிதான் மாறிக்கொண்டே வருகிறது! ரக்ஷா மெடலில் எஸ்.பி.ஆர். என்றும், சங்க்ராமில் எல்/என்.கே. என்றும், சைன்ய சேவாவில் என்.கே. என்றும், 20 வருஷப் பதக்கத்தில் எச்.ஏ.வி. என்றும் இருக்கிறது. டிஸ்சார்ஜ் புக் பாட்டியின் பென்ஷன் காகிதங்களோடு இருந்தது. 1971-க்கு நேரே 9 இன்ஜினியர் ரெஜிமென்ட் என்று எழுதியிருக்கிறது. இது எந்தப் பக்கம் போனது?

ஓய்வுபெற்ற சாப்பர்:
எஸ்.பி.ஆர். என்றால் சாப்பர், அடிமட்டம். அப்புறம் லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார். பதக்கத்தைப் பொறித்த சமயத்தில் என்ன பதவியோ அதுதான் விளிம்பில் இருக்கும், ஆக அவருடைய ஏற்றம் முழுக்க அந்த விளிம்புகளிலேயே இருக்கிறது.

சரி, 9 இன்ஜினியர். தம்பி, அது பசந்தர். நாங்கள் ரெக்ரூட்டாக இருந்த காலத்தில் உஸ்தாத்கள், அதாவது பயிற்சி கொடுப்பவர்கள், இதைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களுக்குக் கண்ணிவெடி வேலை கற்றுக் கொடுத்தார்கள்.

பாகிஸ்தானில் ஷகர்கட் பகுதியில் ஓடுகிற ஆறு பசந்தர். 1971 டிசம்பர் 15 இரவு 54-வது டிவிஷன் அதைத் தாண்ட வேண்டும். அக்கரைக்குக் காலாட்படை முதலில் போய்ப் பிடித்துக்கொண்டது, அதில் நம்ம மெட்ராஸ் ரெஜிமென்டின் 16-வது பட்டாலியன், 16 மெட்ராஸும் உண்டு. ஆனால் டாங்கி வராமல் காலாட்படை அங்கே நிற்க முடியாது, பகைவனின் டாங்கி விடிவதற்குள் வந்துவிடும். டாங்கி போக வேண்டுமானால் கண்ணிவெடி வயலில் பாதை திறக்க வேண்டும், அதுதான் 9 இன்ஜினியரின் வேலை. டிசம்பர் மாதப் பஞ்சாப் குளிரில், இருட்டில், மேலே பீரங்கிக் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது குனிந்தும் படுத்தும் செய்கிற வேலை. அவசரப்பட்டால் கை போகும், நிதானித்தால் அக்கரையில் இருப்பவன் சாவான். பாதை முழுதாகத் திறப்பதற்குள் 17-வது பூனா ஹார்ஸ் என்கிற டாங்கி ரெஜிமென்டின் டாங்கிகள் அரைகுறையாகத் திறந்த வழியிலேயே நுழைந்து போய்விட்டன. மறுநாள் அந்த ரெஜிமென்டின் அருண் கேதர்பால் பரம் வீர் சக்ரா வாங்கிய சண்டை, அப்படி நுழைந்து போன டாங்கிகள் போட்ட சண்டைதான். 9 இன்ஜினியரின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கும், 16 மெட்ராஸின் கமாண்டிங் ஆபீசர் லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் காய்க்கும் மறைவுக்குப் பின் மகா வீர் சக்ரா கொடுத்தார்கள்.

உங்கள் தாத்தா அந்த இரவு எந்த கம்பெனியில், எந்தப் பாதையில் இருந்தார் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் ரெஜிமென்டோடு இருந்தார், ஸ்டார் வாங்கியிருக்கிறார். மாமாவிடம் சொல்லுங்கள், அது "எல்லாருக்கும் குடுத்தது" இல்லை.

குன்னூர்க்காரன்:
படிக்கும்போதே கை நடுங்குகிறது ஐயா. பேரன் தம்பி, ஒரு விஷயம் மட்டும். போர் நினைவிடத்தில் அஞ்சலி நிகழ்ச்சி மாதிரி எதற்காவது உங்கள் பாட்டியோ அம்மாவோ போனால் அந்தப் பதக்கங்களை வலது மார்பில் அணியலாம். இடது, வாங்கியவருக்கு மட்டும்.

வேலூர்ப் பேரன்:
மாமாவுக்கு இந்த இழையை அப்படியே அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் போடவில்லை, ஆனால் இரண்டு நீல டிக் வந்துவிட்டது. கம்பெனி விவரம் தெரிந்துகொள்ள வழி உண்டா ஐயா?

ஓய்வுபெற்ற சாப்பர்:
உண்டு. பெங்களூர் எம்.இ.ஜி. (மெட்ராஸ் சாப்பர்ஸ்தான்) ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்குப் பாட்டியின் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள், நீங்கள் எழுதுவதைவிட பென்ஷன் வாங்கும் மனைவி எழுதினால் நல்லது. ஆர்மி நம்பர், சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி, பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு) நகல், டிஸ்சார்ஜ் புக் நகல் எல்லாம் வையுங்கள். ஆங்கிலத்தில் எழுதச் சிரமமாக இருந்தால் வேலூரிலேயே முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, அங்கே போனால் எழுதியும் தருவார்கள், அவர்கள் வழியாகவும் அனுப்பலாம். பதில் சீக்கிரம் வராது, விடாமல் ஞாபகப்படுத்துங்கள். கம்பெனி பெயர் வந்ததும் இங்கே போடுங்கள். அதே ரெஜிமென்டில் இருந்த இரண்டு பேர் திருவண்ணாமலைப் பக்கம் இருக்கிறார்கள், ஒருவருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆனால் ஞாபகம் நன்றாக இருக்கிறது. நேரில் போய்ப் பேசுவதென்றால் தள்ளிப்போடாதீர்கள்.