எடைக் குறைப்பு ஆபரேஷனுக்கு முன் வரும் பயம்: நோயாளிகளோடு பழகுகிறவர்கள் எழுதுங்கள்

மயக்கவியல், கோவை

தேதி குறித்தவுடன் எல்லோரும் "பயமா இருக்கு டாக்டர்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எதற்குப் பயம் என்று பிடித்துக் கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். கண் முழிக்காமலே போய்விடுவேனோ என்பார் ஒருவர், பாதியில் முழித்துக்கொள்வேனோ என்பார் இன்னொருவர். முகத்தில் மாஸ்க் வைத்தாலே மூச்சு முட்டும் என்பவர்களும் உண்டு. மூன்றுக்கும் மூன்று தனித்தனி பதில். "ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க" என்பது எதற்கும் பதிலில்லை.

உயிர் பயத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இந்த ஆபரேஷனில் இறப்பு சுமார் 0.1 சதவீதம், அதாவது ஆயிரத்தில் ஒருவர் என்று அமெரிக்க பேரியாட்ரிக் (எடைக் குறைப்பு) அறுவை மருத்துவர் சங்கம் சொல்கிறது. பித்தப்பை ஆபரேஷன், மூட்டு மாற்று ஆபரேஷன் அளவுதான். ஆனால் அது எல்லா வசதியும் உள்ள இடங்களின் கணக்கு. 2024-ல் சென்னைப் புறநகரில் இதே ஆபரேஷனில் ஓர் இளைஞர் இறந்த செய்தியைப் படித்துவிட்டு வருகிறவர்களிடம் இந்த எண்ணை மட்டும் நீட்டினால் எடுபடாது. அவசர நிலையைச் சமாளிக்கும் வசதி அங்கே போதவில்லை என்றுதான் அந்த விசாரணையில் வந்தது. ஆகவே கேட்க வேண்டியதை நேராகக் கேளுங்கள். ஐசியூ இதே கட்டடத்தில் இருக்கிறதா? இரவு இரண்டு மணிக்கு மயக்க மருத்துவர் உள்ளே இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா? ஆபரேஷன் டேபிளும் சிடி ஸ்கேனும் என் எடையைத் தாங்குமா? கேட்டதற்கு முகம் சுளிக்கிற இடம் என்றால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

பாதியில் முழிப்பது மிக அரிது. பிரிட்டனில் 2014-ல் வெளியான தேசிய ஆய்வில் சுமார் 19,000 பேருக்கு ஒருவர் என்று வந்தது. உடல் பருமன் உள்ளவர்களிடம் அது சற்றுக் கூடுதல் என்பதையும் அதே ஆய்வு சொன்னது, மறைப்பதற்கில்லை. எடை கூடும்போது மருந்தின் அளவை எப்படிக் கணக்கிடுகிறீர்கள், மயக்கத்தின் ஆழத்தை எதை வைத்துப் பார்க்கிறீர்கள் என்று முன்பரிசோதனை நாளிலேயே கேட்கலாம். நல்ல கேள்விதான்.

மாஸ்க்கில் வருவது வெறும் ஆக்ஸிஜன். மூன்று நிமிடம் போல அதை இழுக்கச் சொல்வோம். தூக்கம் வருவது கையில் ஏறும் ஊசியால். மூச்சு முட்டும் என்று முன்பே சொன்னால் மாஸ்க்கை உங்கள் கையிலேயே தந்து பிடிக்கச் சொல்லலாம். பருமனானவர்களை மட்டமல்லாக்கப் படுக்கவைப்பதும் இல்லை. தலையும் தோளும் உயர, காது மார்பெலும்பின் உச்சிக்கு நேராக வரும்படி சாய்வாக வைப்போம். மூச்சு எளிதாக இருக்கும். மல்லாந்து படுத்தாலே திணறும் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைச் சொன்னால் பாதி கவலை தீரும்.

குறட்டையை மறைக்காதீர்கள். பக்கத்தில் படுப்பவரைக் கூட்டி வாருங்கள், தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்பது அவருக்குத்தான் தெரியும். தூக்கத்தில் மூச்சு நிற்காமல் காற்றை அழுத்தித் தரும் சிபாப் மெஷின் இருந்தால் உங்கள் மாஸ்க்கோடு மருத்துவமனைக்கு எடுத்து வர வேண்டும். சுகருக்கோ எடை குறையவோ வாரம் ஒருமுறை செமாகுளுடைட், டிர்செபடைட் ஊசி போடுகிறவர்கள் கடைசியாகப் போட்ட தேதியைச் சொல்லியே ஆக வேண்டும். அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். திட உணவுக்கு 6 மணி நேரம், தண்ணீருக்கு 2 மணி நேரம் என்ற வழக்கமான பட்டினி உங்களுக்குப் போதாமல் போகலாம்.

உளவியல் ஆலோசகர், சென்னை

மனநல மதிப்பீடு என்றதும் ஃபெயில் ஆக்கிவிடுவார்களோ என்று ஒரு தனிப் பயம். அதனால் நன்றாக இருப்பதாக நடிக்கிறார்கள். ராத்திரி எழுந்து சாப்பிடுவது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, குடிப்பழக்கம் எல்லாம் ஒளிந்துகொள்ளும். பிறகு பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் எடைக் குறைப்பு ஆபரேஷன்) முடிந்து அதே அளவு குடித்தால் போதை வேகமாக, கூடுதலாக ஏறும். அதை முன்னாலேயே பேசுவதற்குத்தான் இந்தச் சந்திப்பு. ஒரு பிரச்சினை தெரியவந்தால் பெரும்பாலும் தேதி தள்ளிப்போகுமே தவிர கதவு சாத்தப்படாது.

மாத்திரை விஷயம் இதைவிடப் பெரிது. ஏற்கெனவே மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ எஸ்கிடலோபிராம், செர்ட்ராலின் மாதிரி எடுப்பவர்கள் "ஆபரேஷன் வருகிறதே" என்று தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, உடம்பில் கரண்ட் பாய்ந்த மாதிரி ஒரு வெட்டு. அதை ஆபரேஷன் பயம் என்று நினைத்துத் தேதியை ரத்து செய்கிறவர்களும் உண்டு. எதை எப்போது நிறுத்துவது என்பதை எழுதித் தந்த மருத்துவரும் மயக்க மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். சொட்டுச் சொட்டாக வெளியாகும் வகை மாத்திரை பைபாஸுக்குப் பிறகு சரியாக உடம்பில் சேராமல் போகலாம். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் எடுப்பவர்களுக்கு ரத்த அளவு ஆபத்தான இடத்துக்கு ஏறிவிடக்கூடும். இரண்டுக்கும் மாற்று ஏற்பாடு ஆபரேஷனுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா தந்தார் என்று முந்தின ராத்திரி அல்பிரஸோலம் என்ற பதற்ற மாத்திரையைப் போட்டுக்கொள்வது வேண்டவே வேண்டாம். தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு உள்ளவர்களுக்கு அது மூச்சை இன்னும் அமுக்கும்.

மூச்சுப் பயிற்சி சொன்னால் எல்லோரும் நெஞ்சு நிறைய இழுக்கிறார்கள், தலை கிறுகிறுக்கிறது, பயம் கூடுகிறது. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம். பயம் வந்த நேரத்தில் புதிதாகக் கற்க முடியாது. இரண்டு வாரம் முன்பே, சும்மா இருக்கும்போது பழகினால்தான் தியேட்டர் வாசலில் கைகொடுக்கும்.

டயட்டீஷியன், மதுரை

பயம் என்று சொல்லி வருகிறவர்களில் சிலருக்கு முதலில் பார்க்க வேண்டியது குளுக்கோமீட்டர்.

ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் ஒரு நாளைக்கு 800 முதல் 1000 கலோரி, மாவுச்சத்து குறைவான உணவு தருவோம். கல்லீரலைச் சுருக்குவதற்கு இது. கொழுப்பேறிய கல்லீரலின் இடது மடல் இரைப்பை மேல் கவிந்து கிடக்கும். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் லேப்ராஸ்கோப்பில் (சிறு துளை வழியே கேமரா விட்டு) வேலை செய்ய வேண்டும். பெருத்த கல்லீரல் தூக்கும்போது கிழிந்து ரத்தம் கசியலாம். இப்படிச் சாப்பாடு பாதியாகக் குறைந்திருக்க, சுகர் மாத்திரையான கிளிமெபிரைடும் இன்சுலினும் மட்டும் பழைய அளவிலேயே போனால் என்ன ஆகும்? கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, இனம் தெரியாத பீதி. சுற்றியிருப்பவர்கள் "ஆபரேஷன் டென்ஷன்" என்று முதுகைத் தடவிக்கொண்டிருப்பார்கள். சுகர் 70-க்குக் கீழே இருக்கும். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அன்றே மருத்துவரைக் கூப்பிட்டு மாத்திரை அளவைக் குறையுங்கள். டயட் தொடங்கும் நாளிலேயே இதைக் கேட்டுவிட்டால் இந்தக் கட்டமே வராது.

இன்னொன்று டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சுகர் மாத்திரை. இப்போது சுகர்காரர்களில் நிறையப் பேர் எடுக்கிறார்கள். ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மாவுச்சத்தும் குறைந்து இந்த மாத்திரையும் ஓடினால் சுகர் ஓரளவு சரியாகக் காட்டும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும். குமட்டல், வயிற்றுவலி, வேக மூச்சு. இதுவும் பதற்றம் மாதிரியேதான் தெரியும்!

திரவ உணவு என்றதும் கஞ்சி, பழச்சாறு, ஹார்லிக்ஸ் என்று நம் வீடுகளில் ஆரம்பித்துவிடுவார்கள். மூன்றும் மாவும் சர்க்கரையும்தான், கல்லீரல் சுருங்காது. எழுதித் தந்த புரோட்டீன் பவுடர், வடிகட்டிய காய்கறி சூப், தெளிந்த ரசம், நீர்மோர், இவைதான் வழி. அப்புறம் "கடைசி விருந்து". இனிமேல் ஜென்மத்துக்கும் கிடைக்காது என்று முந்தின வாரம் பிரியாணி, பரோட்டா என்று ஹோட்டல் ஹோட்டலாக ஏறுவது. உண்மையில் ஆறு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலோர் திட உணவுக்கு வந்துவிடுவார்கள். அளவுதான் மாறும், கூடவே புரதம் முதலில் என்ற வரிசையும், மெதுவாக மெல்லும் பழக்கமும். பரோட்டா பலருக்கு நெஞ்சில் நிற்கும், அதை மறைக்க வேண்டாம். பிரியாணியில் கறித்துண்டில் ஆரம்பித்தால் இரண்டு மூன்று கரண்டியில் வயிறு நிறைந்துவிடும்.

காபியையும் பாருங்கள். நாளைக்கு நாலு டம்ளர் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சிடுசிடுப்பு. மூன்று நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு டம்ளராகக் குறைத்து வாருங்கள்.

வார்டு சிஸ்டர், திருச்சி

தியேட்டர் வாசலில் பெண்கள் அழுவது பாதி நேரம் தாலிக்காகத்தான். கடைசி நிமிடத்தில் கழற்றச் சொன்னால் அபசகுனமாகத் தோன்றும், பிரஷர் ஏறும். உள்ளே மின்சாரத்தால் ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும் கருவி ஓடுவதால் உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் வெந்துபோகலாம். முந்தின நாளே வீட்டுப் பெரியவர்களை வைத்து மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, தங்கத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டிக்கொள்ளலாம், குண்டுமணி அளவுகூட உலோகம் வேண்டாம். மெட்டியும் அப்படியே. பல வருடமாகக் கழற்றாத மெட்டி விரலில் புதைந்திருக்கும். வீட்டில் சோப்பு நீர் போட்டு முயன்று பார்த்து, வரவில்லையென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். நகப்பாலிஷும் மருதாணியும் விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கிளிப்பைக் குழப்பலாம்.

நுரையீரல் பயிற்சிக்கு மூன்று பந்துக் கருவி எல்லோருக்கும் தருவோம். பத்தில் எட்டுப் பேர் ஊதுகிறார்கள். ஊதினால் பந்து ஏறாது. "பாருங்க சிஸ்டர், என் நுரையீரல் வீக்கா இருக்கு" என்று புதுப் பயம். அது இழுக்க வேண்டிய கருவி. குழாயை வாயில் வைத்து உதட்டை இறுக்கி, ஜூஸ் உறிஞ்சுவதுபோல மெதுவாக இழுங்கள். ஏறிய பந்தை மூன்று எண்ணும்வரை நிறுத்துங்கள். வெடுக்கென்று இழுத்து மூன்றையும் தூக்குவதைவிட இரண்டை நிறுத்திவைப்பதே நல்லது.

முழித்ததும் என்ன இருக்கும் என்று முன்பே தெரிந்தால் பாதிப் பதற்றம் குறையும். குளிர் நடுக்கம் இருக்கும், தொண்டை கரகரக்கும். காலில் மாட்டிய உறை தானாகவே இறுக்கி இறுக்கி விடும், ரத்தம் கட்டாமல் இருக்க. தோள்பட்டை வலிக்கும். வயிற்றை விரிக்க நிரப்பிய கார்பன் டை ஆக்ஸைடு உதரவிதானத்தை உறுத்துவதால் அங்கே தெரிகிறது. ஹார்ட் அட்டாக்கோ என்று பதறுகிறவர்கள் நிறைய. என்றாலும் எந்த வலியையும் சொல்லிவிடுங்கள், எது கேஸ் வலி என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அன்றே சில மணி நேரத்தில் எழுப்பி நடக்க வைப்போம், திட்டாதீர்கள்.

ஒருங்கிணைப்பாளர், சேலம்

இன்சூரன்ஸ் வருமா என்ற கவலை மருத்துவப் பயத்தைவிட நிறையப் பேரைத் தூங்கவிடாது. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பொது விதிப்படி 18 வயது நிரம்பி, பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் வழி உண்டு. 35 அல்லது அதற்கு மேல் என்றால் கட்டுப்படாத சுகர், கடுமையான தூக்க மூச்சுத்தடை, இதய நோய் போல ஒன்று கூட இருக்க வேண்டும். மற்ற முறைகள் பலன் தரவில்லை என்ற பதிவும் கேட்பார்கள், பழைய டயட் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அஷ்டமி நவமி பார்ப்பவர்கள் தேதி குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். அட்மிஷன் போட்ட பிறகு மாமியார் நாள்காட்டியைப் புரட்டினால் எல்லோருக்கும் சங்கடம்.

அறுவை மருத்துவர், சென்னை

மயக்கவியல் டாக்டரும் டயட்டீஷியன் மேடமும் சொன்னதற்கு மறுபக்கம் ஒன்று. ஆபரேஷனுக்குப் பிறகு வரும் படபடப்பைப் பதற்றம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஸ்லீவ் என்ற வகை எடைக் குறைப்பு ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, மீதியை நீளவாக்கில் ஸ்டேப்ளர் போட்டு மூடுகிறோம். அந்தத் தையல் வரிசையில் கசிவு வருவது நூற்றில் ஒன்றிரண்டு. முதல் அறிகுறி பெரும்பாலும் காய்ச்சலோ வயிற்றுவலியோ இல்லை, நாடிதான். சும்மா படுத்திருக்கும்போதும் 120-ஐத் தாண்டி நின்றால் ஸ்கேன் வரை போய்ப் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆன பிறகும், சில வாரம் கழித்தும்கூட வரலாம். "டென்ஷன்தான், படுங்க" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வார்டு சிஸ்டர், திருச்சி

சார் சொன்னதை வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷனுக்கு முன்பே கற்றுக்கொடுத்துவிடுவோம். கட்டைவிரல் அடியில் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். கட்டைவிரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது, அதன் சொந்தத் துடிப்பே குழப்பும். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் தினம் காலையில் எண்ணிக் குறித்துவைத்தால் அவருடைய வழக்கமான எண் எது என்று தெரிந்துவிடும்.