வீட்டருகே தமிழ்ப்பள்ளி, ஒன்றாம் ஆண்டில் 11 பிள்ளைகள்: சேர்க்கலாமா?

குளுகோர்_அம்மா
மகளுக்கு ஒன்றாம் ஆண்டுப் பதிவு நெருங்குகிறது. பினாங்கு குளுகோரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி, அதே சாலையின் மறுமுனையில் மலாய்மொழியில் பாடம் நடத்தும் ஒரு தேசியப் பள்ளி. பெயர்கள் வேண்டாம். போன செவ்வாய்க்கிழமை தமிழ்ப்பள்ளியைப் பார்த்துவிட்டு வந்தேன். முழுப் பள்ளியிலும் 100 பேர்கூட இல்லை. ஒன்றாம் ஆண்டில் 11 பேர். தலைமையாசிரியை அன்பாகப் பேசினார். அலுவலகச் சுவர் முழுக்கப் புத்தாக்கப் போட்டிப் பதக்கங்களோடு பிள்ளைகள் நிற்கும் படங்கள். நூல்நிலையத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். சாவி வைத்திருக்கும் ஆசிரியர் விடுப்பில் இருக்கிறாராம். சன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள்தாம் தெரிந்தன.

கணவர் தேசியப் பள்ளி என்கிறார், மாமியார் தமிழ்ப்பள்ளி என்கிறார். ஒரு பள்ளியை எதை வைத்து எடைபோடுவது? ‘தமிழ் நம் உயிர்’, ‘காலம் மாறிவிட்டது’ என்ற இரண்டு பதில்கள் மட்டும் வேண்டாம். இரண்டும் வீட்டிலேயே தினமும் கிடைக்கின்றன.

பிறை_வாசி
நாற்காலியைப் பார்த்தா பயந்தீர்கள் சகோதரி? என் மூன்று பிள்ளைகளும் தமிழ்ப்பள்ளிதான். 11 பேர் என்றால் பெயர் எழுதாத தாளைக் கொடுத்தாலும் இது யார் கையெழுத்து என்று ஆசிரியர் சொல்லிவிடுவார். தேசியப் பள்ளியில் பின்வரிசையில் உட்காரும் பிள்ளைக்கு அந்தக் கவனம் கிடைக்குமா?

கட்டடத்தைப் பற்றி ஒன்று. அது முழு உதவி பெறும் பள்ளியா, பகுதி உதவி பெறும் பள்ளியா என்று கேட்டீர்களா? பகுதி உதவி என்றால் ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கும். கட்டடச் செலவுக்குப் பள்ளி வாரியமும் பெற்றோரும் ஓட வேண்டியிருக்கும். நாற்காலி நூல்நிலையத்தில் தூங்குவதற்கு இடப் பற்றாக்குறை காரணமாக இருக்கலாம். 1816 இல் இதே பினாங்கில், ஃப்ரீ ஸ்கூல் என்ற ஆங்கிலப் பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பின் தொடர்ச்சி இது. நாம் பிள்ளைகளை அனுப்பாமல் விட்டு, பிறகு மாணவர் இல்லை என்று அழுது என்ன பயன்?

மூன்றாம்_ஷிப்ட்
வந்துவிட்டது 1816. அந்த அம்மா கேட்டது தம் மகளைப் பற்றி, இரண்டு நூற்றாண்டு வரலாற்றைப் பற்றி இல்லை. பள்ளியில் ஆள் எண்ணிக்கையைக் காப்பாற்றுவது ஆறு வயதுப் பிள்ளையின் வேலையா?

நானும் தமிழ்ப்பள்ளி மாணவன்தான். ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யு.பி.எஸ்.ஆரில் 7 ஏ எடுத்தேன், மாலை போட்டார்கள். படிவம் ஒன்றில், அதாவது இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டில், மலாய் ஆசிரியர் வேகமாகப் பேசத் தொடங்கியதும் பாதி புரியவில்லை. காரணம் எளிது. தமிழ், சீனப் பள்ளிகளுக்கு மலாய்ப் பாடநூல் தனி, தேசியப் பள்ளிக்குத் தனி. படிவம் ஒன்றில் எல்லாருக்கும் ஒரே நூல். மலாயில் தேறாதவர்கள் முதலில் ஓராண்டு ‘பெராலிஹான்’ என்ற புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். என் நண்பர்கள் இருவர் உட்கார்ந்தார்கள். அவர்கள் மக்குகள் இல்லை. ஆனால் அந்த ஓராண்டில் தாங்கள் மக்குகள் என்று நம்பிவிட்டார்கள்.

பிறை_வாசி
உங்கள் 7 ஏ மலாயில் எடுத்த ஏயும் சேர்த்துத்தானே தம்பி? அப்படியானால் கோளாறு தேர்வில். பள்ளியைத் திட்டாதீர்கள்.

மூன்றாம்_ஷிப்ட்
தேர்வுக்கு மட்டும் தயார்படுத்திய பள்ளியையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன் அண்ணே.

ஓய்வுபெற்ற_வாத்தியார்
இருவரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். முன்பெல்லாம் பெற்றோர் ‘போன வருடம் எத்தனை ஏ?’ என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். 2021 இல் யு.பி.எஸ்.ஆர். நீக்கப்பட்டது. வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை அடைவு நிலை உண்டு. அதைப் போடுவது வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியரே. அதை வைத்து இரு பள்ளிகளை ஒப்பிட்டால் இரண்டு ஆசிரியர்களின் தாராள மனத்தைத்தான் ஒப்பிட முடியும். ஏக்கள் போன இடத்தைப் பதக்கப் படங்கள் பிடித்துக்கொண்டன. பதக்கம் பொய் என்று சொல்லவில்லை. அந்தப் படத்தில் நிற்பது நான்கு பேர், மீதிப் பேர் வகுப்பில் இருக்கிறார்கள்.

அம்மா, நீங்கள் பார்க்க வேண்டியது மூன்றாம் ஆண்டு மலாய்க் கட்டுரைப் புத்தகம். ஆறாம் ஆண்டுப் புத்தகம் வேண்டாம், அதை எப்படியும் அழகாக வைத்திருப்பார்கள். மூன்று, நான்கு பிள்ளைகளின் புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பாருங்கள். எல்லாம் ‘பாடா ஹாரி மிங்கு யாங் லாலு’, அதாவது ‘கடந்த ஞாயிற்றுக்கிழமை’ என்று தொடங்கி, எல்லாரும் கடற்கரைக்குப் போய், எல்லாரும் பட்டம் விட்டு, ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தால் அது கரும்பலகையிலிருந்து இறங்கிய கட்டுரை. பிழைகள் பிள்ளைக்குப் பிள்ளை வேறாக இருந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். அங்கே பிள்ளைகள் தாமாக எழுதுகிறார்கள். அடுத்து, சிவப்பு மை கடைசியாக எந்தத் தேதியில் பட்டிருக்கிறது என்று பாருங்கள். விடுமுறைக்கு முந்தின நாள் முப்பது புத்தகங்களுக்கு ஒரே மூச்சில் சரி போட்டவன்தான் நானும், அதனால் அந்த மை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. 150 பேருக்குக் கீழ் இருந்தால் அது ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்ற கணக்கில் வரும். அதில் குற்றமில்லை. ஆனால் ஆசிரியரும் குறைவாகத்தான் இருப்பார்கள். ஒருவர் பேறுகால விடுப்பில் போனால் அந்தப் பாடத்தை யார் எடுக்கிறார் என்று கேளுங்கள்.

மூன்றாம்_ஷிப்ட்
ஐயா சொல்வது சரி. ஆனால் எந்தத் தலைமையாசிரியர் அடுத்தவர் பிள்ளையின் புத்தகத்தை எடுத்து நீட்டுவார்?

ஓய்வுபெற்ற_வாத்தியார்
நீட்ட மாட்டார், நீட்டவும் கூடாது. அக்கம்பக்கத்தில் அந்தப் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் தாயிடம் கேட்க வேண்டும். ஒரு டின் முறுக்கு போதும்.

ஆயர்_ஈத்தாம்_அக்கா
தேசியப் பள்ளியின் பக்கத்திலிருந்து ஒரு குரல். ‘அங்கேயும் தமிழ் சொல்லித் தருவார்கள்’ என்று எண்ணித்தான் மகனைச் சேர்த்தேன். 1996 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்புக்கு வழி உண்டு. பெற்றோரைச் சேர்க்க நான் வீடு வீடாக அலைந்தேன். வகுப்பும் தொடங்கியது. ஆசிரியர் மாற்றலாகிப் போனார், வகுப்பும் அவரோடு போனது.

மலாய் நன்றாக வந்துவிட்டது, அதை மறைக்க மாட்டேன். போன மாதம் என் அப்பா தவறினார். பத்திரிகையில் வந்த இரங்கல் அறிவிப்பை மகன் என்னிடம் நீட்டி, ‘தாத்தா பெயர் இதில் எங்கே இருக்கிறது?’ என்று கேட்டான். அவனுக்குப் பதினொரு வயது.

பிறை_வாசி
இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

மூன்றாம்_ஷிப்ட்
அக்கா, வருந்துகிறேன். ஆனால் தமிழ் எழுத்தை வீட்டில் ஓராண்டில் சொல்லிக் கொடுத்துவிடலாம். என் மகளுக்கு இரவு வேலை முடிந்து வந்து காலையில் அரைமணி நேரம் நான்தான் சொல்லித் தருகிறேன்.

ஆயர்_ஈத்தாம்_அக்கா
நானும் அப்படித்தான் சொன்னேன் தம்பி, அவனுக்கு ஆறு வயதில்.

வேன்_ஓட்டுநர்
நான் இரண்டு வகைப் பள்ளிக்கும் வேன் ஓட்டுகிறேன். படிப்பைப் பற்றி எனக்குத் தெரியாது. மதியம் வாசலில் யார் நிற்கிறார் என்று பாருங்கள். குளுகோர் அம்மா சொல்வது நான் நினைக்கிற பள்ளி என்றால், அங்கே ஓர் ஆசிரியை கடைசிப் பிள்ளை ஏறும்வரை குடையோடு நிற்பார். போன ஆண்டு மாற்றலாகிவிட்டார்.

குளுகோர்_அம்மா
எல்லாருக்கும் நன்றி. முறுக்கு வேலை செய்தது. கீழ்வீட்டுப் பையன் மூன்றாம் ஆண்டு. அவனுடைய மலாய்க் கட்டுரைப் புத்தகத்தையும் அவன் சித்தி மகளுடையதையும் நேற்றிரவு சாப்பாட்டு மேசையில் விரித்தோம்.

முதல் மூன்று கட்டுரைகள் வாத்தியார் ஐயா சொன்ன அதே கடற்கரை, அதே பட்டம். இரண்டு புத்தகத்திலும் ஒரு புள்ளி மாறவில்லை. கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏப்ரலிலிருந்து கையெழுத்து மாறுகிறது, சிவப்பு மையின் கையெழுத்தைச் சொல்கிறேன். புது ஆசிரியர் வந்திருக்கிறார் போலும். அதன்பின் பையன் தாத்தாவோடு மரத்தடியில் ரொட்டிச் சானாய் தின்றதாக ஐந்து வரி, நான்கு பிழை. ஓரத்தில் சிவப்பில் ‘போக்கோக் அப்பா?’ என்று எழுதியிருக்கிறார்: என்ன மரம்? அதன்கீழே பையன் பென்சிலில் ‘மாமரம், ஆனால் காய்க்கவில்லை’ என்று மலாயில் எழுதியிருக்கிறான். அதற்கும் ஒரு சரி.

கணவர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு, தேசியப் பள்ளிப் புத்தகமும் ஒன்று பார்த்தால்தான் நியாயம் என்றார். மாடி வீட்டில் கேட்க வேண்டும், மறுபடியும் முறுக்கு சுட வேண்டும். வேன் அண்ணே, மாற்றலாகிப் போனவருக்குப் பதிலாக வந்தவர் வாசலில் நிற்கிறாரா?

வேன்_ஓட்டுநர்
நிற்கிறார். கண் கைப்பேசியில் இருக்கிறது. மழை பெய்தால் எப்படி என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.