கையுறைப் பெட்டியா, முகப்புப் பேழையா? பழைய கார்க் கையேட்டுக்குச் சொற்கள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். பழைய கார்களைச் சீரமைப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். எஞ்சின், பிரேக் எல்லாம் தாண்டி டேஷ்போர்டில் வந்து நிற்கிறேன். பயணியின் முழங்காலுக்கு முன்னால் மூடியோடு இருக்கும் குளோவ் பாக்ஸ் நைந்துபோனால் எப்படிச் சரிசெய்வது, சரிசெய்ய வழியில்லை என்றால் எப்படி மாற்றுவது என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

முழுப் பெட்டிக்கு ஒரு சொல் வேண்டும். மூடிக்குப் பின்னால் தொட்டியாக உள்ளே தொங்குகிறதே அட்டை, லைனர் என்கிறார்கள், அதற்கு ஒன்று. அந்த அட்டையின் உட்புறத்தில் வெல்வெட் போல மெத்தென்று இருக்கும் பூச்சுக்கு ஒன்று. மூடியைத் திறந்தால் முழுக்கச் சாய்ந்துவிடாமல் இழுத்துப் பிடிக்கும் பட்டைக்கு ஒன்று. முதலாவதற்குத் தற்காலிகமாகக் ‘கையுறைப் பெட்டி’ என்று எழுதியிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

சீரமைப்புப் பட்டறை நடத்துபவர்:

பட்டறையில் ‘டேஷ்போர்டைத் திற’ என்றால் எல்லோரும் இந்தப் பெட்டியைத்தான் திறப்பார்கள். முழுப் பலகைக்கும் அதே பெயர், அதில் இருக்கும் பெட்டிக்கும் அதே பெயர். பேச்சில் இது ஓடிவிடும், கையேட்டில் ஓடாது. ‘டேஷ்போர்டைக் கழற்று’ என்று அச்சடித்தால் ஒருவர் நான்கு திருகைக் கழற்றுவார், இன்னொருவர் காரின் முன்பக்கம் முழுவதையும் பிரித்துப் போட்டுவிடுவார். அதனால் தனிச்சொல் கட்டாயம் வேண்டும். எந்தச் சொல்லாக இருந்தாலும் சரி, படிப்பவர் கை தானாக அந்த மூடிக்குப் போக வேண்டும்.

வேதியியல் ஆசிரியர்:

> முதலாவதற்குத் தற்காலிகமாகக் ‘கையுறைப் பெட்டி’

அம்மா, இதை ஏற்க எனக்குத் தயக்கம். ஆய்வகத்தில் குளோவ் பாக்ஸ் என்பது வேறு பொருள். காற்றும் ஈரமும் பட்டால் கெட்டுப்போகும் வேதிப்பொருள்களைக் கையாள்வதற்காக, ஆர்கான் அல்லது நைட்ரஜன் நிரப்பி அடைத்த கூண்டு அது. நீளமான ரப்பர் கையுறைகள் அதன் சுவரிலேயே பொருத்தப்பட்டிருக்கும். வெளியே நின்றபடி கையை அவற்றுள் நுழைத்து வேலை செய்வோம். என் வகுப்பில் இதைத்தான் ‘கையுறைப் பெட்டி’ என்று கற்பிக்கிறேன். காரில் இருப்பதில் இன்று கையுறையே கிடையாது. அந்தப் பெயருக்கு உரிமை எங்கள் கூண்டுக்குத்தான் அதிகம்.

இலக்கண ஆசிரியர்:

இரண்டும் ஒரே சொல்லாக இருப்பதில் இலக்கணத் தடை எதுவும் இல்லை. கையுறையை வைக்கும் பெட்டி என்று விரித்தால் இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை; அது கார். கையுறையால் இயக்கும் பெட்டி என்று விரித்தால் மூன்றாம் வேற்றுமை, அது ஆய்வகம். தொகைச்சொல்லின் அழகே இடம் நோக்கி விரிவதுதான். கார்க் கையேட்டில் ஆர்கான் வாயுவை யாரும் தேடப் போவதில்லை.

என் கவலை வேறு. ‘கையுறை’ என்ற சொல்லை நாம் கைக்கு மாட்டும் உறையாகவே பார்க்கிறோம். சங்க இலக்கியத்தில் கையுறை என்றால் தலைவன் கொண்டுவரும் அன்பளிப்பு. குறுந்தொகையின் முதல் பாட்டே கையுறை மறுக்கும் பாட்டுதான். தலைவன் காந்தள் பூவோடு வருகிறான். எங்கள் மலை முழுவதும் காந்தள்தான் என்று தோழி சொல்லிவிடுகிறாள். அந்தப் பொருள் வழக்கொழிந்ததை எண்ணி வருந்தாத நாள் இல்லை. உறை என்பதைப் பெயராகக் கொண்டால் வாளுறை, தலையணை உறை, பாலுக்கு இடும் உறை, மழைத்துளி. வினையாகக் கொண்டால் தங்குதல். ஒரே வேரா, ஒலியால் மட்டும் ஒன்றுபட்ட பல சொற்களா என்பதை விரிவாகப் பேசலாம். உள்ளே தங்குவது உறை, தங்கவைப்பதும் உறை என்று ஒரே வேரில் நிறுத்த முடியும் என்பது என் எண்ணம்.

தனித்தமிழ் அன்பர்:

ஐயா சொல்வது சுவையாக இருக்கிறது, ஆனால் அந்தப் பெட்டியில் கையுறை இல்லாதபோது ஏன் கையுறையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? பிறர் வரலாறு அது. தொடக்ககாலக் கார்களுக்குக் கூரை இல்லை, வெப்பமூட்டி இல்லை. குளிரும் தூசியும் முகத்தில் அடிக்கும். கையுறை இல்லாமல் ஓட்ட முடியாது, அதை வைக்க ஓர் இடமும் வேண்டியிருந்தது. 1909-ல் ஆங்கிலேயக் கார்ப் பந்தய வீராங்கனை டாரதி லெவிட் பெண் ஓட்டுநர்களுக்கு எழுதிய அறிவுரையில், காரின் சிறு இழுப்பறையில் வைக்க வேண்டியவற்றில் தூய கையுறையையும் கைக்கண்ணாடியையும் சேர்த்திருக்கிறார். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் தங்கள் சொல்லில் இன்னமும் கையுறையை வைத்திருக்கிறார்கள். இத்தாலியர் மட்டும் அதை விட்டுவிட்டு, பொருள் வைக்கும் இழுப்பறை என்கிறார்கள். நாம் இத்தாலியர் வழியில் போகலாம்.

என் பரிந்துரை ‘முன்பேழை’. பேழை பழஞ்சொல், மூடியுள்ள பெட்டி என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. லைனருக்கு ‘அகணி’. பனைமட்டையின் உட்புற நாருக்கு அகணி என்று பெயர், வெளிப்புறம் புறணி. புறணியை மூளையின் மேலுறைக்கு அறிவியல் தமிழ் எடுத்துக்கொண்டது. அகணி சும்மா கிடக்கிறது. பழைய கார்களின் லைனர் அழுத்திய நார் அட்டைதானே? உட்புறம், நார் இரண்டும் ஒரே சொல்லில் வருகின்றன. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்!

இலக்கண ஆசிரியர்:

> என் பரிந்துரை ‘முன்பேழை’

முன்பு + ஏழை என்றும் பிரியும். ‘முன்பேழை பழுதானால்’ என்று தலைப்பிட்டால் படிப்பவர் ஒரு நொடி தடுமாறுவார். கையேட்டில் அந்த ஒரு நொடியும் கூடாது. பேழைதான் வேண்டும் என்றால் ‘முகப்புப் பேழை’ என்க.

தனித்தமிழ் அன்பர்:

முகப்புப் பேழைக்கு உடன்படுகிறேன்.

வேதியியல் ஆசிரியர்:

நானும். எனக்குக் கையுறைப் பெட்டி மிச்சமாகிறது.

பட்டறை நடத்துபவர்:

பேழை என்றதும் எனக்கு விவிலியத்தில் வரும் நோவாவின் பேழைதான் நினைவுக்கு வருகிறது. என்னிடம் வேலை பழகும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். உள்ளே கையுறை இல்லை என்பதும் ஒரு காரணமாகத் தெரியவில்லை. டேஷ்போர்டு என்பதே குதிரை வண்டியில் குதிரைக் குளம்பு தெறிக்கும் சேற்றைத் தடுக்க முன்னால் வைத்த பலகை. குதிரை போயிற்று, சேறு போயிற்று, பெயர் நிற்கிறது. யாருக்கும் அதனால் வேலை கெடவில்லை.

சொல்லைத் தனியாக வைத்து எடைபோடாமல் வேலையில் போட்டுப் பாருங்கள். வேலை இதுதான். அந்த அட்டை ஈரத்தால் கெடுகிறது. முன்கண்ணாடியின் ரப்பர் காய்ந்து வெடித்தால் மழைநீர் உள்ளே இறங்கி நேராக இதன் தலையில் சொட்டும். அட்டை ஊறித் தொங்கும், மூலைகளைப் பிடித்திருக்கும் ஸ்டேப்பிள் கம்பி துருப்பிடிக்கும், திருகுத் துளைகள் கிழியும். கசிவை அடைக்காமல் புது அட்டை போட்டால் அதுவும் அதே வழியில் போகும். கையேட்டில் இது முதல் வரியாக வரட்டும், அம்மா.

கழற்றுவதற்கு முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும், உள்ளே விளக்கும் அதன் சுவிட்சும் இருக்கலாம். அப்புறம், பழைய அட்டை எவ்வளவு மோசமாக இருந்தாலும் தூக்கிப்போடக் கூடாது. அளவுக்கு அதுதான் ஆதாரம். காயவைத்து, பிரித்து, தட்டையாக விரித்து, மடிப்புக் கோடுகளோடும் துளைகளோடும் தாளில் வரைந்துகொள்ள வேண்டும். துளை மட்டும் கிழிந்திருந்தால் பின்னால் அட்டைத் துண்டு ஒட்டி, அகலமான வாஷர் போட்டு இறுக்கினால் போதும். முழுக்க நைந்திருந்தால் புது அட்டையில் வரைபடத்தைப் பதித்து வெட்டி, மடிப்புக் கோட்டில் லேசாகக் கீறி, ஈரத்துணியால் நனைத்து மடித்து, மர வேலைக்கான பசையும் துருப்பிடிக்காத ஸ்டேப்பிளும் போட வேண்டும். காய்ந்த பிறகு இரண்டு பக்கமும் வார்னிஷ். வெளிப்பக்கத்தை விட்டுவிட்டால் ஈரம் அந்த வழியாக ஏறும்.

இதை எழுதும்போது ‘அகணியைக் காயவைத்து விரிக்கவும்’ என்று போட்டால் என் பையன் என்ன எடுப்பான்? ‘உட்கூட்டைக் காயவைத்து விரிக்கவும்’ என்றால் சரியாக எடுப்பான். என் வாக்கு உட்கூட்டுக்கு.

மொழிபெயர்ப்பாளர்:

நன்றி. கசிவு பற்றிய வரியை முதலில் சேர்க்கிறேன். உட்கூடு எனக்குப் பிடித்திருக்கிறது. ‘உள்ளுறை’ என்று ஓர் அன்பர் தனி மடலில் பரிந்துரைத்திருக்கிறார். அதைப் பற்றி ஐயா என்ன நினைக்கிறீர்கள்?

இலக்கண ஆசிரியர்:

வேண்டவே வேண்டாம். உள்ளுறை உவமம் தொல்காப்பியம் தந்த கலைச்சொல். கருப்பொருளைச் சொல்லி அதற்குள் இன்னொரு பொருளை ஒளித்துவைக்கும் நுட்பத்துக்கு வேறு எந்த மொழியிலும் இப்படி ஒரு பெயர் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதைக் கொண்டுபோய் அட்டைக்குச் சூட்ட நான் ஒப்ப மாட்டேன். உட்கூடு நல்ல சொல். உள் + கூடு, புணர்ச்சியிலும் சிக்கல் இல்லை.

வெல்வெட் போன்ற பூச்சு என்றீர்கள். எப்படிச் செய்கிறார்கள்?

பட்டறை நடத்துபவர்:

முதலில் பசை பூசுவோம், அது காய்வதற்குள் நைலான் அல்லது ரேயான் இழையைப் பொடிப்பொடியாக நறுக்கியதை மேலே தூவி ஒட்டவிடுவோம். ஒட்டாததை மறுநாள் தட்டி எடுத்துவிடலாம். உள்ளே வைக்கும் பொருள் ஆடினாலும் சத்தம் வராது, அதற்காகத்தான்.

இலக்கண ஆசிரியர்:

அப்படியானால் ‘துய்’. மெல்லிய பஞ்சு போன்ற இழைக்குச் சங்கப் பாடல்களில் வரும் பெயர். துய்த்தலை மந்தி என்று குரங்கின் தலைமயிருக்குச் சொல்வார்கள். துய்ப் பூச்சு. நறுக்கிய இழைக்கு இதைவிட நெருக்கமான சொல் தமிழில் இல்லை.

வேதியியல் ஆசிரியர்:

துய்த்தல் என்றால் நுகர்தல் அல்லவா? மாணவர்களுக்கு அதுதான் தெரியும்.

இலக்கண ஆசிரியர்:

அது வினை, இது பெயர். பூச்சு என்று அடுத்து வரும்போது மயக்கம் தீர்ந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் முதல் இடத்தில் ‘வெல்வெட் போன்ற துய்ப் பூச்சு’ என்று எழுதட்டும், பிறகு தானே பழகிவிடும்.

பட்டறை நடத்துபவர்:

இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஓரெழுத்துக் கூடுதலாக இல்லை, வாயில் நிற்கிறது. மூடியைப் பிடிக்கும் பட்டைக்கு ‘மூடிப் பட்டை’ போதும், அதை ஆராய வேண்டாம்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூடியைப் பொருத்தும்போது முதலில் கீலைத் தளர்வாகப் போட்டு, சுற்றிலும் இடைவெளி சமமாக வரும்வரை மூடியை நகர்த்தி, அதன் பிறகே கீலை இறுக்க வேண்டும். கொக்கி விழும் தகட்டை எல்லாவற்றுக்கும் கடைசியாகச் சரிசெய்ய வேண்டும். தகட்டை முதலில் இறுக்கிவிட்டு மூடியோடு மல்லுக்கட்டினால் கீல் வளையும்.

மொழிபெயர்ப்பாளர்:

நாளை வெள்ளிக்கிழமை. இதுவரை வந்த மடல்களையும் தனி மடல்களையும் சேர்த்துப் பார்த்ததில் பெரும்பான்மை கையுறைப் பெட்டிக்குத்தான். ‘எப்படியோ புரிகிறது’ என்பதற்கு மேல் யாரும் உற்சாகமாகக் காரணம் சொல்லவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அதையே வைக்கிறேன். உட்கூடு, துய்ப் பூச்சு, மூடிப் பட்டை இவையும் உறுதி. சொல்லடைவில் டேஷ்போர்டுப் பெட்டி, முகப்புப் பேழை என்று தேடினாலும் அதே பக்கத்துக்கு வரும்படி செய்துவிடுகிறேன். அனைவருக்கும் நன்றி.

வேதியியல் ஆசிரியர்:

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். அடுத்த பருவத்திலிருந்து வகுப்பில் ‘கையுறைக் கூண்டு’ என்று சொல்லிப் பார்க்கப் போகிறேன். அடைத்த இடம் என்ற பொருள் அதில் கிடைக்கிறது.

தனித்தமிழ் அன்பர்:

பேழையை விட்டுத்தருகிறேன், சொல்லடைவில் இடம் கொடுத்ததற்கு நன்றி அம்மா. அகணியை விட்டுத்தர இயலவில்லை. காரணம் தூய்மை மட்டும் அன்று. இப்போது மாற்றாக விற்கும் லைனர்களில் இரண்டு வகை: பழைய முறை நார் அட்டை, வார்த்தெடுத்த ஏபிஎஸ் பிளாஸ்டிக். பட்டறை அன்பருக்கே தெரியும், அட்டையை மடக்கிச் சின்னத் திறப்பு வழியாக உள்ளே நுழைத்துவிடலாம். பிளாஸ்டிக் மடங்காது, சில கார்களில் காற்றுக்குழாயையும் ரேடியோவையும் கழற்றிக் கீழ்வழியாகத்தான் ஏற்ற வேண்டும். வேலையே வேறு. இரண்டையும் உட்கூடு என்று சொன்னால் ஒவ்வொரு முறையும் ‘அட்டை உட்கூடு’, ‘பிளாஸ்டிக் உட்கூடு’ என்று நீட்ட வேண்டியிருக்கும். நாரால் ஆனதற்கு அகணி, வார்ப்புக்கு உட்கூடு என்று பிரித்தால் ஒரே சொல்லில் முடியும். இரண்டாம் பதிப்பு வரும்போது இதே கோரிக்கையோடு மீண்டும் எழுதுவேன்.